கையைச் சரிசெய்த பிறகு



நான் மேடையேறாமல் கீழே நின்று பேசுவதால் மைக் செட் தம்பிக்குக் கொஞ்சம் சிரமம். கடைசி நேரத்தில் ஒயரை இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று. பொறுத்துக்கொள்ள வேண்டும் தம்பி. எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் அம்மையார் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார். மேடைக்கு ஐந்து படி. நாலு பேர் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மையாருக்கு அதில் விருப்பமில்லை. பேச வந்த இடத்தில் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே இன்றைக்கு இரண்டு பேச்சும் தரையிலிருந்துதான். பின்வரிசைக்காரர்களுக்கு என் முகம் தெரியாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. குரல் கேட்டால் போதும்.

இன்று அக்டோபர் 27. உலக ஆக்குபேஷனல் தெரபி நாள். பிசியோதெரபி என்றால் ஊருக்கே தெரியும். எங்களை அவ்வளவாகத் தெரியாது. ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து, என்னிடம் வந்து மயக்க ஊசி எப்போது போடுவீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. பக்கவாதம் வந்தவர் மறுபடி சட்டைப் பொத்தானைப் போட, சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட, ஆறு வயதுக் குழந்தை பென்சிலைப் பிடிக்க, மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர் காலையில் எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்க, என்ன வழி என்று பார்ப்பது எங்கள் வேலை. மனிதர் ஒரு நாளில் செய்கிற காரியங்கள்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம்.

அப்படிப்பட்டவர்கள் சமூகநீதி பற்றி ஏன் பேச வேண்டும்? பொத்தானைப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகலாமே? இதற்கான பதிலை நம் வேலூரிலேயே, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, நோயாளிகளே சொல்லிவிட்டார்கள்.

1946-ல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோய் என்றால் மருத்துவர்களே தள்ளி நின்ற காலம். நோயால் நரம்பு செத்து, விரல்கள் உள்ளே மடங்கி, எதையும் பற்ற முடியாமல் கிடந்த கைகளை அவர் எடுத்துப் பார்த்தார். கையில் இன்னும் உயிரோடிருந்த தசைநாணை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தினார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் அறுத்துக்கொண்டும் புண்ணாகித் தேய்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அதில் பெரும்பகுதி நம் வேலூர் வட்டாரத்திலேயே நடந்தது.

நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். நன்றி சொல்ல வரவில்லை. பிழைப்பு போய்விட்டது என்று முறையிட வந்தார்கள். மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது. நேரான கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை. சரி, வேலைக்குப் போகலாமென்றால் நோயின் பெயர் முன்னாலேயே போய் நிற்கிறது. வாடகைக்கு வீடில்லை. டீக்கடையில் தம்ளர் இல்லை. பிராண்ட் இதைத் தன் எழுத்தில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அறுவைச் சிகிச்சை வெற்றி, மனிதருக்குப் பட்டினி. இந்த வேடிக்கையை எந்த மருத்துவப் புத்தகத்தில் எழுதுவது?

அப்புறம்தான் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் வந்தது. மண்குடிசைகள், நடுவில் ஒரு தச்சுப் பட்டறை. கையைச் சரிசெய்துகொண்டவர்கள் அங்கே தங்கி மரவேலை கற்றார்கள், பொம்மை செய்தார்கள், வலி தெரியாத கையைப் புண்படுத்திக்கொள்ளாமல் உளியையும் சுத்தியலையும் பிடிக்கப் பழகினார்கள். பிராண்ட் இளமையில் கட்டடத் தொழில் கற்றவர் என்பதால் அவரே பட்டறையில் நின்றார். மருத்துவத்தின் எல்லை அறுவை மேசையோடு முடியவில்லை என்று மருத்துவர்களுக்கு உறைத்தது நோயாளிகளின் அந்த முறையீட்டால்தான்.

இதில் என்னை இன்னும் உறுத்துகிற ஒன்று உண்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்துவிட்டது. குணமாகிற நோய் என்று ஆகிவிட்டது. ஆனால் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை நாம் நீக்கியது 2016-ல். தொழுநோய் இருக்கிறது என்று காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்றிருந்த சட்டப்பிரிவுகளை நாடாளுமன்றம் எடுத்தது 2019-ல். மாத்திரை கிருமியைக் கொன்று பல வருடங்கள் கழித்தும் சட்டப்புத்தகத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருந்திருக்கிறது. அதை எடுக்க எந்த மருந்துச் சீட்டிலும் வழி இல்லை. மனுப் போட்டு, வழக்காடி, தெருவில் நின்றுதான் எடுக்க முடிந்தது.

பிராண்ட் பணியாற்றிய அதே மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இன்றைக்கும் முதுகுத்தண்டு அடிபட்டு நாட்டின் எந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் அங்கேதான் வந்து மறுபடி வாழப் பழகுகிறார்கள். அவரைப் பற்றித் தனிக்கூட்டமே போடலாம். இந்த வாசகர் வட்டம் ஏன் இன்னும் போடவில்லை என்று செயலாளரிடம் தனியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பழங்கதையை விட்டு, இன்றைக்குக் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நடக்கிற கதைக்கு வருவோம். மடியில் முறம். முறத்தில் தூள். வெட்டிய இலை, நூல், கத்தரி. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றுகிற அம்மாவுக்குக் கட்டைவிரல் அடியில் வலி, கழுத்தில் வலி. மருத்துவமனைக்கு வருகிறார். எங்களில் ஒருவர் பரிசோதித்து, கைக்கு ஸ்பிளிண்ட் போட்டு, "இரண்டு வாரம் இந்தக் கைக்கு வேலையே கொடுக்காதீங்கம்மா" என்கிறார். தப்பேயில்லை, படித்தது அதுதான். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு போய், வாசலைத் தாண்டும் முன்பே ஸ்பிளிண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

அவருக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சுற்றாத நாளுக்குக் கூலி கிடையாது. சுற்றியதிலும் இலை சரியில்லை, கட்டு சரியில்லை என்று கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குத்தான் காசு. இரண்டு வாரம் ஓய்வு என்று நாம் எழுதிக் கொடுத்த சீட்டு, இரண்டு வாரக் கூலியை வெட்டுகிற சீட்டு. அதை எழுதும்போது நமக்கு அது தெரியவே இல்லை. அவருக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, சங்கத்தில் இருக்கிறாரா என்று நாம் கேட்கவில்லை. நம் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கக் கட்டம் இருக்கிறது. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கேட்க இல்லை.

இன்னொரு தாய். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். அவருடைய பையனுக்கு ஆட்டிசம். நாம் ஒரு தாளில் வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுக்கிறோம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், ஊஞ்சலில் ஆட்ட வேண்டும், மணிகளைக் கோக்கச் சொல்ல வேண்டும். ஒரே அறை வீட்டில் ஊஞ்சலை எங்கே மாட்டுவது? அடுத்த மாதம் பையனிடம் மாற்றம் இல்லையென்றால் கோப்பில் ஒரு வரி எழுதுவோம்: தாயார் ஒத்துழைப்பு போதாது. இந்த ஒரு வரியை எங்கள் தொழிலே சேர்ந்து கொளுத்த வேண்டும் என்பது என் கட்சி. தந்தையார் ஒத்துழைப்பு போதாது என்று எழுதிய கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

என் தொழிலுக்கு இந்தப் பார்வை புதிதாக எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். பிறந்த வீட்டுச் சீதனமே அதுதான். 1889-ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய தோழியும் சேர்ந்து, புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். படித்த பெண்கள் அங்கேயே குடியேறி, அக்கம்பக்கத்து மக்களோடு மக்களாக வாழ்ந்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி ஆலைகளில் சிறுவர்கள் படும் பாட்டை வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தார். 1893-ல் இல்லினாய் மாநிலம் ஆலைச் சட்டம் கொண்டுவந்து, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அந்தச் சட்டத்தை நடத்த நியமித்த தலைமை ஆய்வாளரும் அதே கெல்லிதான். மனநோய் விடுதிகளில் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைவேலை வழியாக உயிர்ப்பூட்ட முடியும் என்று கற்றுத்தந்த பயிற்சி வகுப்புகள் முளைத்ததும் அந்த வட்டாரத்தில்தான். 1911-ல் அந்த வகுப்பில் படித்த எலினார் கிளார்க் ஸ்லேகிள், 1917-ல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் கூடி எங்கள் தொழிலுக்குச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவர்.

பார்த்தீர்களா? ஆலை முதலாளியின் கதவைத் தட்டியவரும் நோயாளியின் கையில் நூலைக் கொடுத்தவரும் ஒரே இல்லத்திலிருந்து வந்தவர்கள். பிறகு என்ன ஆயிற்று? முதல் உலகப்போர் வந்தது. கையிழந்து காலிழந்து வந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிக்குள் இடம் கிடைத்தது, வெள்ளைக் கோட்டு கிடைத்தது. 1930-களில் அமெரிக்காவில் எங்கள் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் பொறுப்பே மருத்துவர் சங்கத்திடம் போய்விட்டது. மருத்துவர் மதிக்க வேண்டுமே என்ற கவலையில் ஆலை, கூலி, தெரு எல்லாவற்றையும் நாங்கள் வாசலுக்கு வெளியே விட்டோம். இந்தியாவுக்கு இந்தப் படிப்பைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இங்கே மணமுடித்து, நம்மவராகவே ஆனவர். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டில் எங்கள் தொழிலுக்கு உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே நிற்கும் பழக்கத்தையும் அந்தக் காலப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

வேலை கொடுத்தால் நோய் தீரும் என்பது எங்கள் அடிப்படை நம்பிக்கை. அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். யாருக்கு லாபமான வேலை?

பிரேசில் நாட்டில் நிஸே ட சில்வெய்ரா என்று ஒரு மனநல மருத்துவர். மார்க்சியப் புத்தகம் வைத்திருந்தார் என்று யாரோ காட்டிக்கொடுக்க, 1936-ல் சிறைக்குப் போனவர். வெளியே வந்து, மறுபடி அரசுப் பணியில் சேர்ந்தபோது, மனநோயாளிகளுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதும் மூளையில் கத்தி வைப்பதும்தான் நவீன சிகிச்சை. முடியாது என்றார். முடியாது என்ற மருத்துவரை என்ன செய்வது? யாரும் மதிக்காத ஆக்குபேஷனல் தெரபிப் பிரிவுக்குத் தள்ளினார்கள். இது 1946, ரியோ நகரத்தின் புறநகர் ஆஸ்பத்திரி. அங்கே அந்தப் பெயரில் நடந்தது என்னவென்றால், நோயாளிகள் தரை துடைத்தார்கள், கக்கூஸ் கழுவினார்கள். ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர்கள். நிஸே அவர்கள் கையில் தூரிகையும் களிமண்ணும் கொடுத்தார். வருடக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் வரைந்தார்கள். 1952-ல் அந்த ஓவியங்களுக்காக ஒரு அருங்காட்சியகமே தொடங்கியது. தண்டனையாகக் கிடைத்த அறை அது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது.

நம்மிடம் என்ன நிலை? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மனநல நிலையத்தில் இருக்கும் யாரையும் வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் உரிய கூலி கொடுக்க வேண்டும். இங்கே விடுதி நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து அந்தப் பிரிவை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். தோட்ட வேலை, சமையல் வேலை, துணி துவைக்கிற வேலை எல்லாம் சிகிச்சைதான் என்று கணக்கு எழுதினால், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டியது எங்கள் ஆட்கள். போடாதே என்று சொல்லவும் எங்களுக்குத்தான் கடமை.

வேலையே கொடுக்காமல் கட்டிப் போடுவது இதன் மறுமுனை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலி தீப்பிடித்த இரவில் கட்டியது இல்லை. தினமும் கட்டியது. அந்த வழியாகப் போனவர்கள், வந்தவர்கள், உறவினர்கள், அதிகாரிகள் எல்லாரும் பார்த்த சங்கிலிதான். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையிலெடுத்த பிறகுதான் நாடு அதைப் பார்த்தது. எங்கள் பாடத்தில் செயலிழப்பு என்று ஒரு சொல் வரும். நரம்பாலும் தசையாலும் வருவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். சங்கிலியால் வருவதற்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

1990-களின் கடைசியில் கனடாவின் எலிசபெத் டவுன்சென்டும் ஆஸ்திரேலியாவின் ஆன் வில்காக்கும் இதைக் கோட்பாடாகப் பேசத் தொடங்கினார்கள். மனிதருக்குப் பொருளுள்ள காரியத்தில் ஈடுபடும் உரிமை இருக்கிறது, அது மறுக்கப்படுவது அநீதி என்றார்கள். சில ஆண்டுகளில், குவாத்தமாலாவின் தெருப் பிள்ளைகளோடு வேலை செய்த ஃப்ராங்க் க்ரோனன்பெர்க், இதைவிடக் கடுமையாக, தென்னாப்பிரிக்க நிறவெறியின் பெயரையே எடுத்து வைத்தார். சிலரை மட்டும் சில காரியங்களுக்குள் விடவே கூடாது என்று ஒரு சமூகம் திட்டமிட்டே முடிவு செய்கிறது என்பது அவர் வாதம். 2006-ல் எங்கள் உலகக் கூட்டமைப்பும் மனித உரிமை பற்றித் தன் நிலைப்பாட்டை எழுதி வெளியிட்டது.

இதைப் படித்தபோது மேல்நாட்டு மாணவர்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். நமக்கு என்ன ஆச்சரியம்? யார் எந்த வேலை செய்யலாம், யார் கூடாது என்று பிறக்கும்போதே எழுதி வைத்த நாடு நம்முடையது. 1936-ல் லாகூர்க் கூட்டத்துக்காக அம்பேத்கர் எழுதி, அமைப்பாளர்கள் பயந்துபோய் மேடையேற்றாத அந்த உரையில் இதைத்தான் பிட்டுப் பிட்டு வைத்தார். சாதி பங்கிடுவது வேலையை மட்டுமா? வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்றார். ஆக்குபேஷனல் தெரபி படிக்கிற ஒவ்வொரு இந்திய மாணவருக்கும் முதலாண்டுப் பாடமாக அதை வைக்க வேண்டும். வைக்கவில்லை. உடற்கூறியல் வைத்திருக்கிறோம்.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி என்றால் பெரும்பாலும் என்ன? மெழுகுவர்த்தி, காகித உறை, ஊதுபத்தி. அந்தப் பிள்ளைக்கு மாடு பிடிக்குமா, பாட்டுப் பிடிக்குமா, கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசப் பிடிக்குமா என்று யார் கேட்டார்கள்? தூய்மைப் பணியாளர் வீட்டுப் பையனுக்கு வளாகத்தைப் பெருக்கப் பழக்கலாம், வசதியான வீட்டுப் பையனுக்குக் கணினி பழக்கலாம் என்று ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பரிந்துரை எழுத ஒரு நிமிடம் போதும். எழுதுகிறவர் தன்னைச் சாதி பார்க்கிறவர் என்று நினைத்துக்கொள்ளவே மாட்டார். குடும்பச் சூழலுக்கு ஏற்ற பயிற்சி என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் இருக்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது, அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. விதிகள் வெளியான ஐந்து ஆண்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் எல்லாரும் வந்துபோகும்படி மாற்ற வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூன். ஆக, கெடு 2022 ஜூனில் முடிந்தது. உங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தைப் போய்ப் பாருங்கள். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கட்டட வசதி பற்றிய விதி வெறும் ஆலோசனை போல எழுதப்பட்டிருக்கிறது, சட்டம் கேட்டது கட்டாயம், ஆகவே விதி செல்லாது, கட்டாய விதிகளை வகுங்கள் என்றது. வழக்குப் போட்டதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள்.

சரிவுப் பாதை என்று சிமென்ட்டைக் கொட்டிவிட்டால் ஆயிற்றா? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல இடங்களில் மூன்றடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பைக்தான் ஏறும். ஏறுகிறது என்பதையும் பார்க்கிறோம். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் நாங்கள். ஒப்பந்ததாரர் அதைக் கட்டும்போது நாங்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம்.

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மரப்பாதை ஒன்று திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு கேட்டுக் கேட்டு வாங்கியது. பிறந்ததிலிருந்து சென்னையில் வாழ்ந்தும் அலையைத் தொடாதவர்கள் அன்றைக்குக் கடலில் கால் நனைத்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதை உடைத்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். எங்களில் யாராவது எந்தச் சீட்டிலாவது கடற்கரைக்குப் போ என்று எழுதியிருப்போமா? பல் விளக்கு, குளி, உடுத்து, சம்பாதி என்று எழுதுவோம். கேட்டு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, மனிதர் மாலையில் கடலைப் பார்க்கப் போவதும் வாழ்க்கையில் ஒரு காரியம்தான் என்று. அவர்கள் முன்னே நடக்க, நாங்கள் பின்னே போக வேண்டிய இடங்கள் நிறைய. தெரபிஸ்ட் போய் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசுவது வேறு, அவர்கள் பேசும்போது கையில் அளவு நாடாவோடு பக்கத்தில் நிற்பது வேறு. இரண்டாவதைத்தான் நான் கேட்கிறேன்.

"நீங்க தெரபிஸ்டா, கட்சிக்காரரா?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும்போது தெரபிஸ்ட் ஊர்வலம் போனால் யார் பார்ப்பது? தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற இளம்பெண் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசினால் அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பது? வீரவசனம் பேசி அவர்களை மாட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் எங்களிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது, அதற்கு ஊர்வலம் வேண்டாம்: நாங்கள் எழுதுகிற அறிக்கை. நோயாளியால் தனியே கழிவறை செல்ல முடியவில்லை என்று எழுதுகிறோம் அல்லவா, அங்கே நிறுத்தாமல், வீட்டுக் கழிவறைக் கதவு இரண்டடி அகலம், சக்கர நாற்காலி நுழையாது, நகராட்சிக் குடியிருப்பு, கதவை மாற்றித் தரவேண்டும் என்றும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்த மாணவிக்குக் கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும் ஏன் வேண்டும் என்று காரணத்தோடு எழுதலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவ முகாமை மாடியில் வைத்தால், கீழே வையுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்குக் காகிதத்தின் மேல் இருக்கிற பயம் கோஷத்தின் மேல் இல்லை.

நடுவில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் சாராமல் தானே எல்லாம் செய்வதுதான் நல்வாழ்வு என்று எங்கள் புத்தகங்கள் சொல்லும். அது மேல்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் நம்பிக்கை என்று அங்கேயே உள்ள சில அறிஞர்கள் கண்டித்திருக்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டிக்கு மகள் ஊட்டுகிறாள், பாட்டிக்கும் அது பிடித்திருக்கிறது, மகளுக்கும் பிடித்திருக்கிறது என்றால், நீ தனியாகச் சாப்பிடு என்று ஸ்பூனை நீட்ட நாம் யார்? அதே வீட்டில் மகள் வேலையை விட்டுவிட்டு இருபது வருடமாக ஊட்டுகிறாள், அண்ணன்மார் மூன்று பேரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றால் அங்கே கேள்வி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கண் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் வரும். மக்களிடம் போய்ப் பழக அங்கங்கே ஏற்பாடு உண்டு: தென்னாப்பிரிக்காவில் 2003 முதல், படிப்பை முடித்த ஒவ்வொரு ஓ.டி.யும் ஒரு வருடம் பொதுச் சுகாதாரப் பணி செய்துதான் ஆக வேண்டும். இங்கே 2021-ல் எங்கள் தொழிலையும் சேர்த்துத் தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. பாடத்திட்டம் திருத்துகிற வேளை இது. அதில் கிராமத்துக்கு இடம் கேட்போம். வட்ட மருத்துவமனை வரை பணியிடம் கேட்போம்.

உங்களிடமும் ஒன்று கேட்டு முடிக்கிறேன். இன்னும் ஐந்து நாளில், நவம்பர் 1, உள்ளாட்சி நாள். கிராம சபை கூடும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்திருப்பவர்கள் கை உயர்த்துங்கள் பார்ப்போம். நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, ரேஷன் கடை, நூலகம் இந்த நான்கையும் அதற்குள் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். வாசற்படி எத்தனை, சரிவு எத்தனை அடி, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்று ஒரு டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கே வர முடியாமல் வீட்டிலிருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவருக்கு வேறு ஏதாவது தடையாக இருக்கும். அதைத் தீர்மானமாக வையுங்கள். வரைவு எழுத உதவி வேண்டுமென்றால் இந்தப் பக்கத்து மேசையில் என் மாணவிகள் மூன்று பேர் படிவத்தோடு இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். சபையில் பொதுவாக வருகைக்கென்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். நீங்கள் வைத்த தீர்மானம் பதிவேட்டில் வரிவரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.